ஒரே பக்கத்தில் பல கைகள்: வார இறுதித் தமிழ் வகுப்பில் இணையவழிக் கூட்டுப்பணி

கிழக்கு லண்டனின் மனோர் பார்க்கில் தமிழ் கற்பிக்க முன்வருபவருக்குப் பிள்ளைகள் கிடைப்பதில் குறைவில்லை. 1936இல் தொடங்கிய லண்டன் தமிழ்ச் சங்கம் இயங்குவது ஹை ஸ்ட்ரீட் நார்த்தில். அதே தெருவில் மகாலட்சுமி கோயில், சற்றுத் தள்ளி சர்ச் ரோட்டில் முருகன் கோயில், ஈஸ்ட் ஹாம் வரை தமிழ்ப் பெயர்ப்பலகை மாட்டிய கடைகள். காதுக்குத் தமிழும் குறைவில்லாமல் கிடைக்கிறது. குறைவது நேரம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமைக்கு 2 மணி நேரம் என்று வைத்தால், பள்ளி நடக்கும் 38 வாரத்துக்கு 76 மணி நேரம். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகள் வாரத்துக்கு 32.5 மணி நேரம் நடக்க வேண்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. அப்படியானால் ஓர் ஆண்டு முழுக்கத் தமிழுக்குக் கிடைப்பது பகல் பள்ளியின் இரண்டரை வாரத்துக்கும் குறைவு. அதிலும் விடுமுறை, பிறந்தநாள் விருந்து, நீச்சல் வகுப்பு என்று கழியும்.

இந்த அத்தியாயம் அந்த நேரத்தை நீட்டுவது பற்றியது. நான்கு பிள்ளைகள் ஒரே இணையப் பக்கத்தைச் சேர்ந்து எழுதினால், செவ்வாய் மாலை ஒரு பிள்ளை சேர்த்த வரியை வியாழன் இன்னொரு பிள்ளை படித்தாக வேண்டும். வீட்டுப்பாட நோட்டுக்கு ஒரே வாசகர், ஆசிரியர். கூட்டுப் பக்கத்துக்குக் குழுவே வாசகர். தன் எழுத்தைத் தன் வயதுப் பிள்ளை படிக்கிறது என்று தெரிந்தால் எழுதும் கை கொஞ்சம் கவனமாகும்.

2020 மார்ச் 20 வெள்ளிக்கிழமையோடு பிரிட்டனின் பள்ளிக் கட்டடங்கள் மூடப்பட்டபோது நம் வார இறுதி வகுப்புகளும் ஜூமுக்குப் போயின. ஆசிரியரின் ஒரு குரல் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பல பிள்ளைகளின் எழுத்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது அதிலிருந்து வேறான வேலை. கற்கப் போவது அதைத்தான்.

காளிகுப்பத்தில் நடந்தது

“எனக்குக் கம்ப்யூட்டர் வராதே” என்று தயங்கும் ஆசிரியர்கள் முதலில் இதைப் படிக்கட்டும்.

1999இல் டெல்லியின் கால்காஜி பகுதியில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா ஒரு சுவரில் துளையிட்டுக் கணினி ஒன்றைப் பதித்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. குடிசைப் பகுதிப் பிள்ளைகள் கூடிக் கூடிப் பார்த்து அதை இயக்கக் கற்றார்கள். பிறகு அவரும் சக ஆய்வாளர் ரிது தங்வாலும் தமிழ் பேசும் காளிகுப்பம் கிராமத்துக்குக் கடினமான ஒரு கேள்வியோடு போனார்கள். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இருக்கும் உயிரியல் பாடத்தை, டிஎன்ஏ தன்னைப் படியெடுக்கும் விதத்தை, தெருவோரக் கணினியில் தாங்களே கற்க முடியுமா? 2010இல் வெளியான அவர்கள் ஆய்வு சொல்வது இது: பிள்ளைகள் தனியாகவே ஓரளவு கற்றார்கள். பிறகு, உயிரியலே தெரியாத, ஆனால் பிள்ளைகளோடு பழக்கமுள்ள ஒருவரை அருகில் இருக்கச் செய்தபோது மதிப்பெண் மேலும் ஏறியது. அவர் செய்ததெல்லாம் ஒரு பாட்டி செய்வதுதான். பின்னால் நின்று “எப்படிக் கண்டுபிடித்தாய்? எனக்கும் காட்டு” என்று கேட்டு வியந்தார்.

மித்ராவின் முடிவுகளை ஏற்காதவர்கள் உண்டு. கேட்பாரற்று விட்ட கணினியைப் பெரிய பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், சிறியவர்களும் பெண் பிள்ளைகளும் ஓரம் கட்டப்பட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன குறை. நமக்கு இரண்டுமே பாடம். ஆர்வம் காட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், அவர் கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் யார் என்ன செய்வது என்பதை அவர்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

மனோர் பார்க் வகுப்பில் இது இன்னும் எளிது. பிள்ளைகளுக்குக் கருவி தெரியும், தமிழ் தடுமாறும். உங்களுக்குத் தமிழ் தெரியும், கருவி தடுமாறும். லாக்-இன், லிங்க், படம் ஏற்றுவது ஆகியவற்றை அவர்களிடம் விடுங்கள். சொல், எழுத்து, பொறுப்புப் பங்கீடு உங்களிடம் இருக்கட்டும்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி

கருவிகள் நிறைய உண்டு. வார இறுதி வகுப்புக்கு மூன்று வகை போதும்.

1. சுவர்: பேட்லெட் போன்றவை. ஆளுக்கொரு சீட்டு ஒட்டலாம். படம், குரல்பதிவு, ஒரு வாக்கியம் எதுவும் போகும். லிங்க் இருந்தால் பிள்ளைகள் தனிக் கணக்கு இல்லாமலே எழுத முடியும். ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே சீட்டு தெரியும்படியும் வைக்கலாம். 6 முதல் 9 வயது வரை இதுவே போதும்.

2. பக்கம்: கூகிள் டாக்ஸ், மைக்ரோசாஃப்ட் வேர்டின் இணைய வடிவம். ஒரே கட்டுரையில் பலர் ஒரே நேரத்தில் எழுத, ஓரத்தில் கருத்துச் சொல்ல, திருத்தத்தைப் பரிந்துரையாக மட்டும் வைக்க முடியும். யார் எப்போது எதை எழுதினார் என்பது பதிப்பு வரலாற்றில் நிற்கும். 10 வயதுக்கு மேல் ஏற்றது.

3. அட்டவணை: கூகிள் ஷீட்ஸ், எக்செல். சொற்பட்டியல், பேட்டிக் கேள்விகள், யார் எந்த வாரம் என்ன பொறுப்பு என்பதற்கு.

ஒரு தவணையில் ஒரு கருவியை மட்டும் எடுங்கள். கருவி மாறும்போதெல்லாம் அரை வகுப்பு பாஸ்வேர்டில் போய்விடும்.

எதையும் நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். ஆசிரியர்கள் உலகெங்கும் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் கடையைக் கட்டியது. கூகிளின் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31இல் நின்றது. ஒவ்வொரு தவணை முடிவிலும் எல்லாப் பக்கங்களையும் பிடிஎஃப் ஆக இறக்கிப் பள்ளியின் கணினியில் ஒரு பிரதியும் பென்டிரைவில் ஒரு பிரதியும் வையுங்கள்.

தொடங்குமுன் முடிக்க வேண்டியவை

பாதுகாப்பு வேலை அலுப்புத் தட்டும். ஆனாலும் முதல் லிங்க் போகுமுன் இதை முடித்தாக வேண்டும்.

பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, இணையச் சேவைக்குத் தன் தகவலைத் தரத் தானே சம்மதிக்கும் வயது 13. அதற்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பெற்றோர் மேற்பார்வை இல்லாமல் சொந்தமாகக் கூகிள் கணக்குத் திறக்கவும் முடியாது. எனவே:

• எந்தக் கருவி, எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள்.
• பக்கத்தில் பிள்ளையின் முதல் பெயர் அல்லது குழுப் பெயர் மட்டும் இருக்கட்டும். குடும்பப் பெயர், பகல் பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, சீருடை தெரியும் படம் எதுவும் வேண்டாம்.
• “லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்” என்ற அமைப்பை வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்து, பிறகு மூடுங்கள். வாரநாளில் எழுதுவதற்குப் பெற்றோரின் கணக்கை அழைத்துச் சேர்ப்பது நல்லது.
• ஒவ்வொரு பக்கத்துக்கும் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பாளராக இருக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் உள்ள தனி அரட்டை எந்தக் காரணத்துக்கும் கூடாது.
• வாட்ஸ்அப் குரூப் பெற்றோருக்கு மட்டும். 2024 ஏப்ரலில் அதன் குறைந்தபட்ச வயது இங்கே 16இலிருந்து 13 ஆனது என்பதற்காகப் பிள்ளைகளை அதில் சேர்க்க வேண்டியதில்லை.

தமிழில் தட்டச்சு

கூட்டுப்பணி தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பிள்ளை ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து நிறுத்திக்கொள்ளும். முதல் வாரமே ஒரு முடிவு எடுங்கள்.

ஒலிவழித் தட்டச்சு ஐந்து நிமிடத்தில் பழகும். ஆனால் பிள்ளையின் மனம் ஆங்கில எழுத்து வழியே ஓடும். ல, ள, ழ மூன்றுக்கும் எந்த விசை என்ற குழப்பம் நிற்காது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். ‘க’வை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், ஆனால் எழுத்தமைப்பு விரலில் பதியும். ஐபோன், ஐபேட், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. அமைப்புகளில் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும்.

10 வயதுக்குக் கீழ் ஒலிவழி, அதற்கு மேல் தமிழ் 99 என்று வைத்துக்கொள்ளலாம். குரல்வழித் தட்டச்சு தாத்தா பாட்டி சொல்வதைப் பதிவாக்க உதவும். பிள்ளை எழுதக் கற்க வேண்டிய இடத்தில் அதை அனுமதிக்க வேண்டாம்.

ஆறு வாரத் திட்டம்: எங்கள் வட்டாரக் கையேடு

10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கான முழுத் திட்டம் இது. வகுப்பு சேர்ந்து மனோர் பார்க் பற்றி ஒரு தமிழ்க் கையேடு எழுதும். நால்வர் கொண்ட குழுவுக்கு ஓர் இடம். சில தேர்வுகள்: 1873இல் திறந்து, இன்று எலிசபெத் லைன் ஓடும் மனோர் பார்க் ரயில் நிலையம், ராம்ஃபர்ட் ரோட்டில் கார்னகி நிதியில் கட்டிய பழைய நூலகக் கட்டடம், 1856இல் திறந்த சிட்டி ஆஃப் லண்டன் மயானம், வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் புல்வெளி, லிட்டில் இல்ஃபர்ட் பூங்கா, சர்ச் ரோட்டு முருகன் கோயில், ஹை ஸ்ட்ரீட் நார்த் வழியே போகும் 101ஆம் எண் பஸ்.

*வாரம் 1, சுவர்.* ஒவ்வொரு பிள்ளையும் பிடித்த ஓர் இடத்தின் படத்தையும் ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தையும் ஒட்டும். திருத்தம் வேண்டாம். எல்லோரும் எல்லாவற்றையும் உரக்கப் படிக்கட்டும். அதிகம் பேரை இழுத்த இடங்களே குழுத் தலைப்புகள்.

*வாரம் 2, பங்கு.* அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971இல் வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானியப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார நேர்ந்து சண்டை மூண்டபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றவரிடம் கேட்காமல் முழுப் பாடம் எவருக்கும் கிடைக்காது. அதையே இங்கே செய்யுங்கள். ஒருவர் தேடுபவர், ஒருவர் பேட்டி காண்பவர், ஒருவர் தட்டச்சு செய்பவர், ஒருவர் சரிபார்ப்பவர். வாரந்தோறும் பங்கு சுழலும். ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: விசைப்பலகையில் இருப்பவர் தன் சொந்த வாக்கியத்தை அடிக்கக் கூடாது. மற்றவர் வாய்விட்டுச் சொல்வதை மட்டுமே அடிக்க வேண்டும். இதனால் பேசத் தயங்கும் பிள்ளையும் தமிழில் வாய் திறந்தாக வேண்டும்.

*வாரம் 3, பேட்டி.* ஒவ்வொரு குழுவும் வீட்டிலோ கோயிலிலோ தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டுக் குரலைப் பதிவு செய்யும். கேள்விகளை முன்பே அட்டவணையில் எழுதி நீங்கள் பாருங்கள். இங்குள்ள பெரியவர்களில் பலர் 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு வந்தவர்கள். “ஏன் வந்தீர்கள்?” என்ற கேள்வி ஆறாத புண்ணைத் தொடலாம். முதல் வேலை, முதல் குளிர்காலம், அன்று அரிசி வாங்கிய கடை என்று கேட்கச் சொல்லுங்கள். மற்றதை அவர்களாகச் சொன்னால் கேட்கலாம். அதைப் பக்கத்தில் போடும்முன் அவரிடம் மறுபடி அனுமதி கேட்க வேண்டும்.

*வாரம் 4, எழுத்து.* குழுவுக்கு ஒரு பக்கம், 200 சொல் போதும். வகுப்பில் முதல் பத்தி எழுதி முடியட்டும். மீதி வாரநாளில். ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், குறைந்தது ஒரு வாக்கியம். ஆண்டு, எண், பெயர் வரும் ஒவ்வொரு வரிக்கும் எங்கிருந்து கிடைத்தது என்று ஓரக் கருத்தில் குறிக்க வேண்டும்.

*வாரம் 5, திருத்தம்.* குழுக்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளும். பரிந்துரை முறையில் மட்டுமே திருத்தலாம், நேரடியாக அழிக்கக் கூடாது. ஒவ்வொரு வாசகரும் மூன்று குறிப்பு எழுத வேண்டும்: பிடித்தது ஒன்று, புரியாதது ஒன்று, எழுத்துப்பிழை ஒன்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழுதிய ‘கதிரை’யைத் தஞ்சாவூர்ப் பிள்ளை ‘நாற்காலி’ ஆக்கக் கூடாது. எழுதியவர் வீட்டுச் சொல் அப்படியே நிற்கட்டும், தெரியாதவர் ஓரத்தில் பொருள் கேட்கட்டும்.

*வாரம் 6, வாசிப்பு.* பெற்றோர் முன் திரையில் காட்டி, ஒவ்வொரு பிள்ளையும் தான் எழுதாத ஒரு பத்தியைப் படிக்க வேண்டும். 2009இல் பிரிட்டனில் இருந்த தன்னார்வலர்கள் ஸ்கைப்பில் இந்தியப் பிள்ளைகளுக்குக் கதை படித்தார்கள். ‘பாட்டி மேகம்’ என்று அதற்குப் பெயர். நாம் திசையைத் திருப்பலாம். ஊரில் இருக்கும் பாட்டி தாத்தாக்களை வீடியோவில் அழைத்துக் கேட்கச் செய்யுங்கள். இங்கே காலை 11 மணி என்றால் அங்கே கோடையில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 4.30. இரண்டு பக்கத்துக்கும் தோதான நேரம்.

ஆர்வமுள்ள பெரிய பிள்ளைகளை அடுத்த படிக்கு அனுப்பலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் பல நாட்டுத் தமிழர் சேர்ந்து எழுதி வளர்ந்தது. உங்கள் கையேட்டில் நூல், நாளிதழ் ஆதாரம் உள்ள செய்திகள் அங்கே போகலாம். தாத்தாவின் நினைவுகள் போக முடியாது, ஏற்கெனவே வெளியான ஆதாரம் இல்லாததை அது ஏற்பதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே 14 வயதுப் பிள்ளைக்கு நல்ல பாடம். இலங்கைத் தமிழ் நூல்கள், பத்திரிகைகளைத் தேட நூலகம் திட்டத்தின் இணைய நூலகமும், சிறு பிள்ளைகளின் தமிழ்ப் பாடங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளமும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

*ஒருவரே எல்லாம் எழுதுகிறார்.* பதிப்பு வரலாற்றைக் குழுவின் முன் திறந்து காட்டுங்கள். குற்றம் சொல்ல வேண்டாம். “அடுத்த பத்தி யாருடையது?” என்று மட்டும் கேளுங்கள்.

*பக்கம் முழுக்க அழிந்துவிட்டது.* பதற வேண்டாம். பதிப்பு வரலாற்றில் முந்தைய நிலையைத் தேர்ந்து மீட்டுவிடலாம். முதல் வகுப்பிலேயே வேண்டுமென்று அழித்து மீட்டுக் காட்டினால் அழித்துப் பார்க்கும் ஆசையும் போய்விடும்.

*திடீரென்று செந்தமிழ்.* முந்தின வாரம் ஒரு வரிக்குத் திணறிய பிள்ளை ஒரே நொடியில் முழுப் பத்தி சேர்த்திருந்தால், அது கூகிள் டிரான்ஸ்லேட், சாட்ஜிபிடி அல்லது அம்மா. எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: உரக்கப் படித்து, மூன்று சொல்லுக்குப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாத சொற்களைப் பிள்ளையே தன் சொல்லால் மாற்றட்டும்.

*கருவி போதவில்லை.* நால்வருக்கு ஒரு டேப்லெட் என்பது குறை ஆகாது. மேலே சொன்ன பங்கு முறை அதற்கென்றே அமைந்தது. வீட்டில் கருவி இல்லாத பிள்ளை காகிதத்தில் எழுதி வரட்டும், வகுப்பில் இன்னொருவர் கேட்டு அடிக்கட்டும். யாரிடம் கருவி இல்லை என்பதை வகுப்பின் முன் கேட்காதீர்கள்.

*வைஃபை இல்லை.* வாடகை மண்டபங்களில் இது சகஜம். ஆசிரியர் போனின் ஹாட்ஸ்பாட்டில் நான்கைந்து கருவிகள் எழுத்து வேலைக்கு ஓடும். படம், வீடியோ ஏற்றுவதை வீட்டுக்கு விடுங்கள்.

எதை மதிப்பிடுவது

பக்கத்தின் அழகுக்கு மதிப்பெண் தராதீர்கள். மூன்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை வாக்கியம் தானாகச் சேர்த்தது, மற்றவர் எழுதியதற்கு என்ன கருத்துச் சொன்னது, தான் எழுதாத பத்தியைத் தடங்கலின்றிப் படிக்க முடிகிறதா. முதல் இரண்டும் பதிப்பு வரலாற்றிலும் ஓரக் கருத்துகளிலும் இருக்கின்றன. மூன்றாவது ஆறாம் வாரத்தில் தெரிந்துவிடும். ஒரு தவணை முடிந்தும் சனிக்கிழமைக்கு வெளியே பக்கத்தில் எழுத்தே ஏறவில்லை என்றால், திட்டத்தைக் குறுக்கிச் சுவரோடு நிறுத்துங்கள். வகுப்பு நேரத்தைத் தின்றுவிட்டு வாரநாளில் தூங்கும் கருவியை விட, சாக்கட்டியும் கரும்பலகையும் மேல்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. சக ஆசிரியர் ஒருவரோடு ஒரு பக்கம் திறந்து இருவரும் ஒரே நேரத்தில் பத்து வரி எழுதுங்கள். ஒருவர் அழிக்கட்டும், மற்றவர் மீட்கட்டும்.
2. சம்மதப் படிவத்தை எழுதி, பள்ளியில் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் காட்டுங்கள்.
3. வகுப்புப் பட்டியலை எடுத்துப் பிள்ளைகளை நால்வர் குழுக்களாகப் பிரியுங்கள். உடன்பிறந்தவர்கள் ஒரே குழுவில் வேண்டாம். இலங்கைப் பிள்ளைகளும் இந்தியப் பிள்ளைகளும் ஒவ்வொரு குழுவிலும் கலந்திருக்கட்டும்.
4. கணினி நன்றாகத் தெரிந்த இரண்டு பிள்ளைகளிடம் தமிழ் விசைப்பலகை சேர்க்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். அவர்கள் மற்றவர்களுக்குத் தமிழில் மட்டுமே விளக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.